மண் ஏறாத கப்பல்

மலைத்தெய்வம் வேடியப்பனின் கல்லில் கை வைத்துச் சூடம் அணைத்துச் சொல்லலாம்: இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. வேடியப்பன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவர்கள் நெல்லிவாசல் நாட்டில் உண்டு. வலது கை சூம்பிப் போய், கல்யாணப் பந்தியில் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டு, கேட்பவர்களிடம் சுளுக்கு என்று சொல்லியே அவர்கள் காலம் தள்ளினார்கள். அதைக் கண்ணால் பார்த்தவன் எவனும் நடந்ததில் ஒரு கடுகு கூட்டவும் மாட்டான், ஒரு கடுகு குறைக்கவும் மாட்டான்.

ஆகவே, எழுபத்தொன்பதாம் வருஷம் ஆடிப் பதினெட்டன்று, நெல்லிவாசல் நாட்டுக் கோவிந்தன் வெள்ளைக்காரர்களின் உல்லாசக் கப்பல் ஒன்றின் அடித்தளத்தில், சலவை அறையில், அழுக்கு மேஜைவிரிப்பு மூட்டை மேல் உட்கார்ந்து ஒரு பிடி மண்ணுக்காக அழுதான் என்பது நடந்தது நடந்தபடியே.

கப்பல் அன்றைக்கு ஓடவில்லை. ஒரு தீவுக்கு எதிரில், கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால், நங்கூரம் போட்டு நின்றது. அந்தத் தீவுக்குப் பின்னால் இன்னொரு தீவு, அதற்குப் பின்னால் இன்னொன்று. சந்தைக்கு ஓட்டிப்போன எருமைகள் வழியில் ஏரியில் இறங்கிவிட்டதுபோல முதுகை மட்டும் காட்டிக்கொண்டு கிடந்தன. அவற்றின் பேர் கூட வேலை செய்யும் தேவராஜுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அவன் வேறு பேர் சொல்வான். பயணிகள் எல்லாரும் விடிந்ததும் தொப்பியும் துண்டுமாகச் சின்னப் படகுகளில் ஏறிக் கரைக்குப் போய்விட்டார்கள். கப்பலில் மிஞ்சியது வேலைக்காரர்களும் வெயிலும்.

ஓடுகிற கப்பலுக்குக் காற்று உண்டு. நிற்கிற கப்பல் அடுப்பில் வைத்த சட்டி. மேல்தளத்துக் கம்பியில் வந்து உட்கார்ந்த கடற்பறவை ஒன்று திடுக்கிட்டு எழும்பிப் பறந்தது. கால்கள் இரண்டும் கம்பியிலேயே நின்றன. கப்பலைச் சுற்றித் தண்ணீர் தளதளவென்று கொதித்து, மீன்கள் அரைவேக்காட்டில் மிதந்தன. பண்டாரி, அதாவது வேலைக்காரர்களுக்குச் சமைக்கிறவர், கயிற்றில் வாளி கட்டி இறக்கி அள்ளி, உப்புக்கூடப் போடாமல் பரிமாறினார். தின்றவர்கள் யாரும் குறை சொல்லவில்லை.

பெரிய கப்பல் அது. மூக்கில் நிற்பவன் தும்மினால் வாலில் நிற்பவன் மறுநாள்தான் ‘நூறு’ சொல்ல முடியும். உள்ளே கடைவீதி உண்டு, கூத்துக் கொட்டகை உண்டு, கடலுக்கு நடுவே குளம்கூட வெட்டி வைத்திருந்தார்கள். இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அது என்ன என்பது கோவிந்தனுக்கு அன்றைக்குத்தான் தெரிய வந்தது.

கோவிந்தனின் இடுப்பில் ஒரு சுருக்குப் பை. அதற்குள் ஒரு கைப்பிடி விதைச் சாமை. ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று அவன் பொண்டாட்டி மாதம்மாள் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டது. விதை முடிச்சை விதைக்கிற மண்ணுக்கு முன்னால்தான் அவிழ்க்க வேண்டும், வழியில் அவிழ்த்தால் மழை வேறு மலைக்குப் போய்விடும் என்பது அவர்கள் ஊர் வழக்கம். அதனால் இத்தனை மாதமாக அவன் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததோடு சரி.

இன்னொரு வழக்கமும் உண்டு. கொல்லை, அதாவது மலை மேலுள்ள மானாவாரி நிலம், யாருடையதோ, அவன் கைதான் ஆடிப் பதினெட்டுக்குள் முதல் விதையைப் போட வேண்டும். போடாவிட்டால் கொல்லை ஊருக்குப் போகும். ஊர் அதைப் பங்காளிக்குக் கொடுத்துவிடும். இதில் தயவு தாட்சண்யம் இல்லை. காய்ச்சலில் கிடந்தவனைக் கட்டிலோடு தூக்கி வந்து விதைக்க வைத்திருக்கிறார்கள். பாடையில் போன ஒருவன் வழியில் கையை நீட்டி விதைத்துவிட்டுப் போனதும் உண்டு. அந்த வருஷம் விளைச்சல் சுமார்தான்.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து கோவிந்தன் கப்பலுக்கு வந்ததற்குத் தேவராஜ்தான் காரணம். ஆலங்காயத்துக்காரன். மலைக்குப் புளி வாங்க வருகிறவன். இரண்டு வருஷமாகப் புளி காய்க்கவில்லை. அப்போது தேவராஜுக்கு வாணியம்பாடி சேட்டு ஒருவர் மூலமாகக் கப்பல் வேலை கிடைத்தது. துணைக்கு ஆள் தேடினான்.

“மூணே மாசம், கோயிந்தா. கார்த்திகையில ஏறுறோம், மாசியில எறங்குறோம். துணி தொவைக்கணும், இஸ்திரி போடணும், அவ்ளோதான். நம்ம ஊரு வெயில்ல காய்ற வேல கெடையாது” என்றான்.

மூன்று மாதம் ஒன்பது மாதமாகி, ஆடியும் பிறந்துவிட்டது.

அப்படி ஆகக்கூடும் என்று கோவிந்தன் நினைக்காமல் இல்லை. புறப்படும் முன்பே ஊர்க்கவுண்டர் கோபால்சாமியிடம் போய்க் கேட்டான். ஊர் கூடியிருந்தது. கவுண்டர் வெற்றிலை கரையும்வரை யோசித்தார்.

“வெத நம்ம ஊரு வெதயா இருக்கணும். கை ஒன் கையா இருக்கணும். மண்ணு எந்த மண்ணா இருந்தா இன்னா? பூமி ஒண்ணுதானே. ஆடிப் பதினெட்டுக்கு நீ எங்க கீறியோ அங்க போடு. திரும்பி வந்து வேடியப்பன் முன்னால சூடம் அணைச்சிச் சொல்லு. ஊரு ஒத்துக்கும்.”

பங்காளி துரைக்கண்ணு, கோவிந்தனுக்குப் பெரியப்பன் மகன், கூட்டத்தின் பின்னாலிருந்து கேட்டான்: “கடல்ல வெதச்சா மீனுதான மொளைக்கும், பெரியவரே? அறுப்புக்கு அருவா எடுத்துகினு போறதா, வலை எடுத்துகினு போறதா?”

ஊர் சிரித்தது. கோவிந்தனும் சிரித்தான். மாசியில்தான் வந்துவிடப் போகிறானே.

இப்போது ஆடிப் பதினெட்டே வந்துவிட்டது. அவனுடைய கரடிப்பாறைக் கொல்லை போனால் கொல்லை மட்டும் போகாது. கொல்லை இல்லாதவனுக்கு ஊரில் பேர் இல்லை. பேர் இல்லாதவனுக்குத் திருவிழாவில் பங்கு இல்லை, செத்தால் தூக்க ஆள் இல்லை. மாதம்மாளை அவள் அண்ணன்மார் கொடுத்ததும் கொல்லையைப் பார்த்துத்தான். நிலம் போன செய்தி தெரிந்தால் மலையேறி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஊர் தடுக்காது. அதுவும் வழக்கம்தான்.

காலையில் அவன் தேவராஜைக் கேட்டான்: “அண்ணா, இன்னிக்கி இங்கிலீஷ் தேதி இன்னா?”

“ஆகஸ்ட்டு மூணு.”

“அப்ப இன்னிக்கிதான் பதினெட்டு.”

“அதுக்கின்னா? கரைக்கு வுடறேன்னு சாரங்கு போன வாரமே சொல்லிக்கீறாரு இல்ல. போ. போட்டுட்டு வா.”

சாரங்கு என்றால் கப்பல் வேலைக்காரர்களுக்கு மேஸ்திரி. இவர்களை வாணியம்பாடியிலிருந்து கூட்டி வந்த அதே சேட்டுதான். வெயில் தாங்காமல் அவர் அன்று இறைச்சி வைக்கும் குளிர் அறைக்குள், தொங்குகிற ஆட்டுத் தொடைகளுக்கு நடுவே முக்காலி போட்டு, கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். அவருடைய தாடியில் ஒரு பக்கம் உறைந்து போயிருந்தது. மறுபக்கம் கதவோரம் இருந்ததால் வேர்த்துக் கொட்டியது.

“நை, முடியாது” என்றார், கோவிந்தன் வாயைத் திறப்பதற்குள்.

“வுடறேன்னு சொன்னீங்களேங்க.”

“சொன்னேன். அப்புறம் போன துறையில ஒருத்தன் எறங்கினான், வரல. அவன் பொட்டி மட்டும் கீது. அடித்தளத்து ஆளு ஒருத்தன் காலும் கரையில படக் கூடாதுன்னு கேப்டன் சொல்லிட்டான்.”

“நான் ஓட மாட்டங்க.”

“அவனும் இதேதான் சொன்னான். உன்னை விட மரியாதையாச் சொன்னான்.”

“கால் வைக்க மாட்டங்க. படகுல குந்திகினே கைய மட்டும் மண்ணுல வெச்சிட்டு வந்துடறேன்.”

சேட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். “அரே, எனுக்கு முப்பது வருசம் கப்பல்ல போச்சு. சாராயத்துக்குக் கரைக்குப் போறேன்னவனப் பாத்துக்கீறேன். பொம்பளைக்குப் போறேன்னவனப் பாத்துக்கீறேன். மண்ணத் தொடப் போறேன்னவன் நீதான்யா.”

கோவிந்தன் கொல்லையைப் பற்றிச் சொன்னான். கவுண்டர் சொன்னதைச் சொன்னான். மாதம்மாளைப் பற்றியும், அவள் அண்ணன்மாரைப் பற்றியும் சொன்னான். சேட்டு வாணியம்பாடிக்காரர் ஆயிற்றே, ஆடியும் கொல்லையும் அவருக்குத் தெரியாதா? கேட்டு முடித்ததும் கம்பளி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குளிரில் தண்ணீர் வருகிறது என்றார். பிறகு மறுபடியும், “நை” என்றார்.

தேவராஜ் விடவில்லை. தன்னால்தான் இவன் வந்தான் என்பது அவனுக்கும் உறுத்தாமலா இருக்கும்? “இத்தாம் பெரிய கப்பல்ல ஒரு பிடி மண்ணு இல்லாமயா போவும்? வாடா, தேடலாம்” என்று துடைப்பமும் வாளியும் எடுத்துக்கொண்டான். துடைப்பம் கையில் இருந்தால் கப்பலில் எங்கே போனாலும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

முதலில் பயணிகள் ஆடுகிற கூடத்துக்குப் போனார்கள். அங்கே வரிசையாகப் பித்தளைத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஆளுயரப் பனைமரம். கோவிந்தன் ஓடிப்போய் முதல் தொட்டியில் விரலைச் செருகினான். நகம் உடைந்தது. தொட்டிக்குள் சிமென்ட். மரத்தைத் தொட்டுப் பார்த்தான். வெயிலில் இளகி, இலை கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிளாஸ்டிக்.

“சீமைப் பனை” என்றான் தேவராஜ். “கள்ளு எறக்கினா மண்ணெண்ணெ வரும்போல கீது.”

சமையற்கட்டுக்குப் போனார்கள். உருளைக்கிழங்கு மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. கிழங்கென்றால் மண்ணோடுதானே வரும்? கோவிந்தன் ஒரு மூட்டையை அவிழ்த்தான். ஒவ்வொரு கிழங்கும் குளித்து முழுகி, மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தது. கேரட்டும் அப்படித்தான். வெங்காயத்துக்கு வேரைக்கூடச் சிரைத்திருந்தார்கள்.

“மண்ணப் பாத்தா துரைங்களுக்குப் பசி பூடுமாம்” என்றார் பண்டாரி.

படிக்கட்டோரம் சிவப்பு வாளிகள் தொங்கின. தீப்பிடித்தால் கொட்டுவதற்கு. உள்ளே மணல். தேவராஜ் துள்ளினான். கோவிந்தன் மணலை அள்ளி, மோந்து பார்த்து, திரும்பக் கொட்டினான். பாதி சிகரெட் சாம்பல்.

“இதுல போட்டா இன்னாடா? மண்ணுதானே?”

“மணலு மண்ணு இல்லண்ணா. மணல்ல சாமை போட்டேன்னு வேடியப்பன்கிட்ட சொல்ல முடியுமா?”

“மூணாவது தொட்டியில பனைமரத்துப் பக்கம் போட்டேன்னு சொல்லு.”

கோவிந்தன் சிரிக்கவில்லை. ஊர் அளவு கப்பல், ஊரில் இருப்பதைவிட அதிகம் சனம், ஊர்ச் சனம் கனவில்கூடக் காணாத சாப்பாடு. ஒரு பிடி மண் இல்லை. இவ்வளவு பேரும் எதன் மேல் நிற்கிறார்கள் என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

சலவை அறைக்குத் திரும்பி வந்து, அழுக்கு மூட்டை மேல் ஏறி வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். தீவின் நடுவில் ஒரு மலை. கீழே வெள்ளை மணல், அதில் பயணிகள் படுத்துக் கருவாடு மாதிரி காய்ந்தார்கள். மேலே பச்சை. அதற்கும் மேலே ஒரு சரிவில் செம்மண் தெரிந்தது, ஓரமாக ஒரு மரம். இலையின் சாயலைப் பார்த்தால் புளியேதான். சரிவில் எறும்பளவில் ஒரு ஆள் கொத்திக்கொண்டிருந்தான். ஆழமாகக் கொத்துகிறான், ஈரம் போய்விடும் என்று கோவிந்தன் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னான். அந்த ஆளுக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவன் மூட்டை மேல் உட்கார்ந்து அழுதது.

தேவராஜ் ஒரு சட்டையை எடுத்து இஸ்திரி போடுவதுபோலத் தேய்த்தான். பிறகு, “வுடுறா. ஊருக்குப் போய் வெதச்சேன்னு சொல்லிடு. யாரு பாத்தா?” என்றான்.

“வேடியப்பன்.”

“வேடியப்பன் மலையில கீறான். கல்லு எங்கனா கப்பலேறுமா?”

“பொய்ச் சத்தியம் பண்ணா கை பூடும்ணா.”

“பூட்டும். இஸ்திரி போட ஒரு கை போதும்.”

“வெதைக்கிறதுக்கு?” என்று கேட்டான் கோவிந்தன். தேவராஜ் சட்டைகளுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெயில் கொஞ்சம் சாய்ந்தபோது சேட்டு குளிர் அறையிலிருந்து வெளியே வந்து, இரண்டு பேரையும் கூப்பிட்டார். கப்பலின் பக்கவாட்டில் ஏணி இறக்கி, அடியில் ஒரு பலகை மேடை கட்டியிருந்தது. கரைக்குப் போன படகுகள் திரும்பி வந்து அணைவது அங்கேதான்.

“நாளைக்கிப் போற தீவுல சட்டம் வேற” என்றார் சேட்டு. “வேற தீவு மண்ணு ஒரு பொட்டு வந்தாலும் பயிருக்கு நோவு வந்துடுமாம். அதனால ஏறுற சனம் எல்லாருக்கும் காலு, செருப்பு, பூட்ஸு எல்லாம் இங்கியே கழுவி வுடணும். கோயிந்தா, அது ஒன் வேல. தேவராஜு, நீ தண்ணி மொண்டு ஊத்து.”

கோவிந்தன் வாளியை வாங்கிக்கொண்டான்.

சேட்டு குரலைத் தாழ்த்தினார். “அரே மலைக்காரா, புரியலியா? ஒன்னைக் கரைக்கு அனுப்ப முடியாது. கரை ஒங்கிட்ட வருது.” மடியிலிருந்து ஒரு காலி பிஸ்கட் டின்னை எடுத்து நீட்டினார். “நங்கூரம் எடுக்கிறவரைக்கும்தான். அப்புறம் டின்னு கடலுக்குப் போவும். அதுக்குள்ள முடி.”

கோவிந்தன் டின்னை வாங்கிக்கொண்டு பலகையில் மண்டியிட்டான்.

படகுகள் வந்தன. தடித்த கால், மெலிந்த கால், வெயிலில் தோலுரிந்து இறால்போலச் சிவந்த கால். ஒரு துரைக்குக் கால் இவ்வளவு நீளம்: பாதத்தைக் கழுவி முடித்து நிமிர்ந்தபோது அவர் முழங்கால் இன்னும் படகிலிருந்து இறங்கவில்லை. எல்லாக் காலிலும் மணல். வெள்ளை மணல். கோவிந்தன் ஒவ்வொரு காலிலிருந்தும் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு. அடுத்த காலும் உப்பு. அதற்கடுத்ததும் உப்பு. கப்பலில் ஒருவன் கால் மண்ணை நக்குகிறான் என்று ஒரு சீமாட்டி பயந்து கூச்சலிட்டாள். “ஊர் வழக்கம்மா” என்று தேவராஜ் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சமாதானம் சொன்னான்.

படகுகள் குறைந்தன. பொழுது தீவுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. டின்னில் ஒன்றும் இல்லை. மலை மேல் ஏறவில்லையா இவர்கள்? இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து, மண்ணை மிதிக்காமல் மணலில் உருண்டுவிட்டா வருவார்கள்?

கடைசிப் படகு வந்தது. அதிலிருந்து கடைசியாக இறங்கியவள் ஒரு கிழவி. துணைக்கு யாரும் இல்லை. தொப்பி சப்பிப் போயிருந்தது. கணுக்கால்வரை இரண்டு காலும் செக்கச்செவேலென்று சேறு.

கோவிந்தன் குனிந்து பார்த்தான். அவளுடைய பூட்ஸில் அப்பியிருந்த மண்ணில் ஒரு புல்வேர்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. தேவராஜ் தண்ணீரை மொண்டான்.

“ஊத்தாதண்ணா!” என்று கோவிந்தன் போட்ட சத்தத்தில் வாளி கை நழுவிக் கடலில் விழுந்தது.

பண்டாரியிடம் வாங்கி வந்திருந்த கரண்டியால், நெய்ச்சட்டி வழிப்பதுபோல, அவன் அவள் காலிலிருந்து மண்ணை வழித்து டின்னில் சேர்த்தான். கிழவி ஏதோ கேட்டாள்.

“என் காலை இன்னா பண்றேன்னு கேக்குது” என்றான் தேவராஜ்.

“வெதைக்க மண்ணு வேணும்னு சொல்லுண்ணா.”

தேவராஜ் சொன்னான். அதைவிடக் கூடவே சொன்னான் போலிருக்கிறது, வெகுநேரம் பேசினான். கிழவி கேட்டுக்கொண்டே ஏணிப் படியில் உட்கார்ந்தாள். பூட்ஸ் இரண்டையும் கழற்றி டின்னின் மேல் கவிழ்த்துத் தட்டினாள். சரிவில் வழுக்கி விழுந்திருக்க வேண்டும். பாவாடை ஓரத்திலும் முழங்கையிலும் அப்பியிருந்ததைக் கிள்ளிக் கிள்ளி எடுத்துப் போட்டாள். டின் அரைவாசி நிறைந்தது. பிறகு வெறுங்காலோடு, பூட்ஸைக் கையில் பிடித்தபடி ஏணியேறிப் போனாள். மேலே நின்று பார்த்த பயணிகள் சிலர், இதுவும் டிக்கெட்டில் சேர்ந்த ஏதோ சடங்கு என்று நினைத்து, கழுவின காலோடு மறுபடியும் இறங்கி வந்து வரிசையில் நின்றார்கள். சேட்டு அவர்களை விரட்டினார்.

கப்பலின் பின்பக்கம், கயிறுகள் சுருட்டி வைத்திருக்கும் மூலையில், கோவிந்தன் டின்னை வைத்துக் கிழக்கே பார்த்து உட்கார்ந்தான். நல்ல தண்ணீர் தெளித்தான். மண் வாசனை எழும்பியது. மழை விழுந்ததும் கரடிப்பாறையில் வருகிற அதே வாசனை. ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அவன் முகம் மனிதன் முகமாக இருந்தது. தேவராஜும் சேட்டும் ஆளுக்கொரு பக்கம், கல்யாண வீட்டில் நிற்பவர்கள்போல நின்றார்கள்.

“சீக்கிரம்பா. சூரியன் முழுகப் போவுது” என்றார் சேட்டு.

மாதம்மாளின் முடிச்சு வேர்வையில் இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தான். சாமையை உள்ளங்கையில் கொட்டினான்.

விதைப்பதற்கு முன் முதல் விதை பல்லுக்கு. அதுதான் அவர்கள் முறை. ஒன்றை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிக்க வேண்டும். உயிருள்ள விதை ‘நறுக்’கென்று சத்தம் கொடுக்கும். சத்தம் கேட்டதும் கொல்லையின் பேரைச் சொல்லி, கை விதைக்கலாம்.

கோவிந்தன் ஒன்றைக் கடித்தான்.

சத்தம் வரவில்லை.

இன்னொன்றை எடுத்துக் கடித்தான். பல்லில் மாவாக இழைந்தது. இன்னொன்று. அதுவும் மாவு. கையிலிருந்ததை மோந்து பார்த்தான். அடிப்பிடிக்காத சோற்று வாசனை வந்தது.

ஒன்பது மாதம். காலையிலிருந்து ராத்திரிவரை ஆவி பறக்கும் தொட்டிக்கு முன்னால், கொதிக்கும் இஸ்திரிப் பெட்டி இடுப்பளவில் போய்ப்போய் வர, பை அவன் மடியிலேயே இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று தூங்கும்போதுகூட அவிழ்க்கவில்லை. ஆயிரம் துரைகளின் சட்டையோடு சேர்த்து அவன் தன் விதையையும் வேக வைத்திருந்தான்.

“இன்னாடா?” என்றான் தேவராஜ்.

கோவிந்தன் வாயிலிருந்ததைத் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

“கோயிந்தா, இன்னான்னு சொல்லேன்டா.”

“வெந்துபோச்சிண்ணா.”

தேவராஜ் ஒன்றை எடுத்துத் தானும் கடித்துப் பார்த்தான். அவனும் கீழ்நாட்டுக் குடியானவன் மகன்தான். இன்னொன்றைக் கடிக்கவில்லை. சேட்டு கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சூரியனில் ஒரு கீற்று பாக்கி இருந்தது. கோவிந்தன் வலது கையால் ஒவ்வொரு சாமையாக எடுத்து டின்னுக்குள் போட்டான். கரடிப்பாறைக் கொல்லை என்று பேர் சொன்னான். மண்ணை மேலே மூடினான், விரலால் நீவினான், தண்ணீர் தெளித்தான். முறையில் ஒன்றும் குறை வைக்கவில்லை. பிள்ளை செத்துப் பிறந்தாலும் குளிப்பாட்டித்தானே புதைக்க வேண்டும்?

அடியில் எங்கோ நங்கூரச் சங்கிலி கரகரவென்று ஏறத் தொடங்கியது. சேட்டு வந்து டின்னைக் குனிந்து எடுத்தார். இரண்டு கையாலும் எடுத்தார். கம்பிக்கு அப்பால் கையை நீட்டி, தூக்கி எறியாமல், மெல்ல விட்டார். டின் நேராக உட்கார்ந்தபடியே கொஞ்ச தூரம் மிதந்தது. அலை ஒன்று வந்து உள்ளே ஏறியது. அப்புறம் இல்லை.

“வெதச்சாச்சு இல்ல” என்றான் தேவராஜ், யாரிடமோ சொல்வதுபோல. “கவுண்டரு வெதைக்கத்தானே சொன்னாரு? மொளைக்கணும்னு சொல்லலியே? சொன்னாரா? சொல்லுடா, சொன்னாரா?”

கோவிந்தன் கம்பியோரம் போய் நின்றான். தீவு சின்னதாகிக்கொண்டே போனது. செம்மண் சரிவு தெரியும்வரை பார்த்தான், புளியமரம் தெரியும்வரை பார்த்தான். அதன் பிறகு அவன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மலைப்பாதை ஒன்றுதான். அதில் மாதம்மாளின் அண்ணன்மார் முன்னே நடக்க, அவள் ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிக்கொண்டிருந்தாள். அவன் எவ்வளவு கூப்பிட்டும் அவளுக்குக் கேட்கவில்லை.

கப்பலில் அவன் தேவராஜிடம் தேதி கேட்டுக்கொண்டிருந்த அதே ஆடிப் பதினெட்டன்று காலையில், ஊரில் கரடிப்பாறைக் கொல்லையில் முதல் விதையைப் போட்டதும் கோவிந்தன்தான். துரைக்கண்ணு உட்பட ஊரே வரப்பில் நின்று பார்த்தது.